குடிநீர்ப் பரிசோதனையும் வணிகர் தலையில் விழும் பழியும்

மாவு அரைத்து விற்பவர், ஐஸ் போடுபவர், ஜூஸ் கடை வைத்திருப்பவர், மோர் பாக்கெட் கட்டுபவர் எனத் தண்ணீரைத் தொட்டுத் தொழில் செய்யும் நம் உறுப்பினர்கள் பலரிடம் ஒரு காகிதம் இருக்கும். உணவுப் பாதுகாப்பு உரிமத்துக்காக ஆய்வுக்கூடத்தில் பணம் கட்டி வாங்கிய தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கை அது. கடினத்தன்மை, குளோரைடு, நைட்ரேட் என்று வரிசையாக வந்து, கடைசியில் கோலிஃபார்ம் இல்லை, ஈ.கோலை இல்லை, குடிக்க உகந்தது என்று முத்திரை குத்தியிருப்பார்கள். அந்தக் காகிதத்தைக் கோப்பில் போட்டுவிட்டு, தண்ணீர் விஷயம் முடிந்தது என்று நாம் வியாபாரத்தைப் பார்க்கப் போய்விடுகிறோம்.

மழைக்காலம் முடிந்த கையோடு ஒரு தெருவில் நான்கு பேருக்கு மஞ்சள் காமாலை என்று பேச்சு கிளம்பினால், அதிகாரிகள் முதலில் வந்து நிற்பது கடை வாசலில்தான். டிரம்மைத் திறந்து பார்ப்பார்கள், மாதிரி எடுப்பார்கள், நோட்டீஸ் கொடுப்பார்கள். நாம் அந்தக் காகிதத்தை எடுத்து நீட்டுவோம். ஆனால் அந்தக் காகிதம் மஞ்சள் காமாலையைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்வதில்லை என்பதை நீட்டுகிறவரும் அறியமாட்டார், வாங்கிப் பார்க்கிறவரும் பல நேரம் நினைத்துப் பார்ப்பதில்லை. அது பாக்டீரியாவுக்கான பரிசோதனை. தண்ணீரால் பரவும் மஞ்சள் காமாலையோ வைரஸால் வருவது. இரண்டும் வெவ்வேறு சரக்கு. துவரம்பருப்புக்கு எடை போட்ட சீட்டைக் காட்டி மிளகாய்க்குக் கணக்குக் கேட்டால் எப்படி இருக்கும்?

கோலிஃபார்ம் சோதனையைக் குறை சொல்வதற்கில்லை. ஈ.கோலை என்பது மனிதர், கால்நடைகளின் குடலில் வாழும் பாக்டீரியா. அது தண்ணீரில் தென்பட்டால் மலம் கலந்திருக்கிறது என்று பொருள். 100 மி.லி. தண்ணீரில் அது ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 10500 விதி. காலராவையும் டைபாய்டையும் தடுத்ததில் இந்தச் சோதனைக்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால் தண்ணீரில் குளோரின் போட்டவுடன் ஈ.கோலை சீக்கிரம் செத்துவிடும். குடல் வைரஸ்கள் பலவற்றுக்கு அதைவிடக் கூடுதல் அளவும் கூடுதல் நேரமும் வேண்டும். நோஞ்சான் செத்துக் கிடப்பதைப் பார்த்து, உடன் வந்த முரடனும் செத்திருப்பான் என்று முடிவு கட்டுவது போன்ற கதை இது.

டில்லியில் நடந்தது

இதை ஏட்டுச் சுரைக்காய் என்று யாரும் எண்ண வேண்டாம். நம் தலைநகரில் 1955-ஆம் ஆண்டு நடந்ததை இன்றைக்கும் உலகமெங்கும் நீர்ச் சுகாதாரப் பாடங்களில் சொல்கிறார்கள். யமுனை ஆற்றில் வஜீராபாத் என்ற இடத்தில் தண்ணீர் எடுத்துச் சுத்திகரித்து நகரத்துக்கு வழங்கி வந்தார்கள். நகரத்தின் சாக்கடையைச் சுமந்து வரும் நஜஃப்கர் வடிகால் அதற்குச் சற்றுக் கீழே ஆற்றில் கலந்துவந்தது. தண்ணீர் எடுக்கும் இடம் மேலே, சாக்கடை விழும் இடம் கீழே, ஆகவே பயமில்லை என்பது கணக்கு. அந்த ஆண்டு வெள்ளம் வந்து ஆற்றின் போக்கு மாறியது. நவம்பர் மாதத்தில் சாக்கடை நீர் எதிர்த்து ஏறி, தண்ணீர் எடுக்கும் இடத்துக்கே வந்து சேர்ந்தது.

நீரேற்று நிலையத்தார் தூங்கிவிடவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். படிகாரத்தைக் கூட்டினார்கள், குளோரினைக் கூட்டினார்கள். பாக்டீரியா சோதனை திருப்தியாகவே வந்தது. ஊரில் டைபாய்டும் சீதபேதியும் வழக்கத்துக்கு மேல் கூடவில்லை. இன்றைய நம் கோப்புக் காகிதம் அன்று இருந்திருந்தால் அதிலும் உகந்தது என்றே முத்திரை விழுந்திருக்கும். ஆனால் டிசம்பர் மாதம் தொடங்கி ஜனவரி வரை டில்லியில் சுமார் 29,300 பேர் மஞ்சள் காமாலையில் விழுந்தார்கள் என்று பின்னர் நடந்த விசாரணை மதிப்பிட்டது.

நவம்பரில் கெட்ட தண்ணீருக்கு டிசம்பரில் நோய் வந்தது என்பதை வணிகர்கள் தனியாகக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். தண்ணீரில் வரும் மஞ்சள் காமாலை வைரஸ் உடம்புக்குள் போய் நோயாக வெளிப்படுவதற்கு இரண்டு வாரம் முதல் இரண்டு மாதம் வரை ஆகிறது. ஆக, ஒருவர் கண் மஞ்சளித்து மருத்துவமனைக்குப் போகும் நாளில், அவர் குடித்த தண்ணீர் போன இடம் யாருக்கும் தெரியாது. அன்றைக்கு நம் கடையில் வந்து எடுக்கும் மாதிரி, சென்ற மாதத் தண்ணீரைப் பற்றி என்ன சொல்லும்? மாதிரி நன்றாக இருந்தாலும் கடைக்காரன் தப்பினான் என்று ஆகாது, மோசமாக இருந்தாலும் அவன்தான் காரணம் என்று ஆகாது. இதை எடுத்துச் சொல்ல ஆளில்லாமல் எத்தனையோ சிறு கடைக்காரர்கள் அபராதம் கட்டிவிட்டுப் பேசாமல் இருந்துவிடுகிறார்கள்.

டில்லிக் கதைக்கு ஒரு பின்குறிப்பும் உண்டு. அந்த நோயாளிகளின் ரத்தத்தில் பிரித்தெடுத்துப் பத்திரப்படுத்திய சீரத்தை 1980-இல் மீண்டும் சோதித்தபோது, அது அதுவரை எல்லோரும் நினைத்திருந்த ஹெபடைடிஸ் ஏ வைரஸ் அல்ல என்று தெரிந்தது. மூன்று ஆண்டு கழித்து, மாஸ்கோவைச் சேர்ந்த மிகயீல் பலயான் என்ற விஞ்ஞானி, ஆப்கானிஸ்தானில் காமாலை கண்ட சோவியத் சிப்பாய்களின் மலத்திலிருந்து எடுத்த வடிநீரைத் தானே குடித்துப் பார்த்தார். 36-ஆம் நாள் அவருக்கும் நோய் வந்தது. அவர் மலத்தில் எலெக்ட்ரான் நுண்ணோக்கி வழியாகக் கண்ட துகள்தான் இன்று ஹெபடைடிஸ் ஈ என்று அழைக்கப்படும் வைரஸ். கர்ப்பிணிகளைக் கடைசி மாதங்களில் பிடித்தால் நூற்றுக்கு இருபது பேர் வரை உயிரிழக்கும் கொடிய வியாதி அது. 1991-இல் கான்பூரில் இதே வைரஸ் தண்ணீர் வழியாகச் சுமார் 79,000 பேரைத் தாக்கியது. பக்கத்து மாநிலமான கேரளத்தில் எர்ணாகுளம் மாவட்டம் வேங்கூர் ஊராட்சியில் 2024-ஆம் ஆண்டு குழாய்த் தண்ணீர் வழியாக ஹெபடைடிஸ் ஏ பரவி இருநூறுக்கும் மேற்பட்டோர் படுத்தார்கள். காரணம் ஒன்றேதான்: சாக்கடையும் குடிநீரும் எங்கோ ஓரிடத்தில் சந்தித்திருக்கின்றன.

வைரஸைச் சோதிப்பது அவ்வளவு எளிதா?

அப்படியானால் வைரஸையே சோதித்துவிடலாமே என்று கேட்கத் தோன்றும். இங்கேதான் சங்க நிர்வாகிகளும் உறுப்பினர்களும் சற்றுப் பொறுமையாகப் படிக்க வேண்டும். ஏனெனில் நாளைக்கே ஒருவர் பையைத் தூக்கிக்கொண்டு வந்து, வைரஸ் டெஸ்ட் செய்து சான்றிதழ் தருகிறேன், கடை வாசலில் மாட்டிக்கொள்ளலாம் என்று நம்மிடம் வியாபாரம் பேசக்கூடும்.

குடல் வைரஸ் ஒன்றின் அளவு ஒரு மில்லிமீட்டரில் சுமார் முப்பதாயிரத்தில் ஒரு பங்கு. சாதாரண நுண்ணோக்கியில் தெரியாது. துணி வடிகட்டியும் மணல் வடிகட்டியும் அதை முழுமையாக நிறுத்தமாட்டா. குடிநீரில் அது இருந்தால்கூட மிகக் குறைவாகவே இருக்கும். ஆனால் சில வைரஸ்கள் பத்து, இருபது துகள் உள்ளே போனாலே ஆளைப் படுக்க வைத்துவிடும். ஆகவே 100 மி.லி. பாட்டிலில் எடுத்துப் பார்த்து இல்லை என்று எழுதினால் அதற்கு மதிப்பு இல்லை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1990-களில் வகுத்த முறையில், நிலத்தடி நீராக இருந்தால் சுமார் 1,500 லிட்டரை ஒரு தனி வகை வடிகட்டிக்குள் செலுத்துவார்கள். அந்த வடிகட்டியில் நேர் மின்னேற்றம் இருக்கும், அதில் வைரஸ் ஒட்டிக்கொள்ளும். பிறகு இறைச்சிச் சாறு கொண்டு அதைக் கழுவி எடுத்து, மேலும் சுண்டவைத்துச் சில மி.லி. அளவுக்குக் கொண்டுவருவார்கள். ஒரு லாரித் தண்ணீரில் விழுந்த ஒரு சிட்டிகை உப்பைத் திரும்ப எடுப்பது போன்ற வேலை.

எடுத்த பிறகும் வேலை முடியவில்லை. பாக்டீரியாவைத் தட்டில் கூழ் ஊற்றி வளர்த்து மறுநாள் எண்ணிவிடலாம். வைரஸ் உயிருள்ள செல்லுக்குள் மட்டுமே பெருகும். எனவே குரங்கின் சிறுநீரகச் செல் போன்றவற்றைக் கண்ணாடிக் குடுவையில் எந்நேரமும் வளர்த்து வைத்திருக்க வேண்டும். அதன் மேல் இந்த நீரை விட்டு, செல்கள் சாகின்றனவா என்று நாள் கணக்கில் காத்திருந்து பார்க்க வேண்டும். எல்லா வைரஸும் இதற்கு இணங்குவதும் இல்லை. வாந்திபேதிக்குப் பெரிய காரணமான நோரோ வைரஸை ஆய்வுக்கூடத்தில் மனிதக் குடல் செல்லில் வளர்க்கும் வழி 2016-இல்தான் கிடைத்தது.

பி.சி.ஆர். என்ற சொல் கொரோனாவுக்குப் பிறகு நம் வீட்டுக் குழந்தைகளுக்கும் தெரியும். வைரஸின் மரபுப் பொருளைப் பல கோடி நகல் எடுத்துக் கண்டுபிடிக்கும் முறை. விரைவானது, நுட்பமானது. ஆனால் அதிலும் ஒரு சிக்கல் உண்டு. குளோரினால் செத்துப்போன வைரஸின் சிதறலையும் அது இருக்கிறது என்றே காட்டும். உயிருள்ளதா, செத்ததா என்பதைப் பி.சி.ஆர். மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. ஒழுங்காகக் குளோரின் போட்ட ஒரு கடைக்காரரின் தண்ணீரில் பி.சி.ஆர். பாசிட்டிவ் என்று சொல்லிக் கடையைப் பூட்டினால் அது அநியாயம்.

ஆகவே கடைக்குக் கடை வைரஸ் பரிசோதனை என்ற பேச்சு எந்தத் துறையிலிருந்து வந்தாலும் சங்கம் அதை ஏற்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. செலவு தாங்காது என்பது ஒரு காரணம். அந்தச் செலவுக்கு ஏற்ற பாதுகாப்பு யாருக்கும் கிடைக்காது என்பதே பெரிய காரணம்.

அப்படியானால் அரசாங்கத் தரவிதி இதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையா? சொல்கிறது. நம்மில் எத்தனை பேர் அதைப் படித்திருப்போம் என்பதுதான் கேள்வி. ஐ.எஸ். 10500-இன் 2012-ஆம் ஆண்டுப் பதிப்பில் வைரஸுக்கென்று தனிப் பகுதியே உண்டு. எம்.எஸ்.2 என்ற வைரஸ் ஒரு லிட்டர் தண்ணீரில் இருக்கக் கூடாது என்கிறது. அது மனிதரைத் தாக்காது, பாக்டீரியாவைத் தாக்கும் வகை. கட்டமைப்பில் குடல் வைரஸை ஒத்திருப்பதாலும், வளர்ப்பது எளிது என்பதாலும் அதை ஒரு அடையாளமாக வைத்திருக்கிறார்கள். அதைவிட நமக்குப் பயன்படும் வாசகம் இன்னொன்று இருக்கிறது. சாதாரணமாகக் குழாய்த் தண்ணீரில் மிச்சக் குளோரின் லிட்டருக்கு 0.2 மி.கி. இருந்தால் போதும். மஞ்சள் காமாலைக்கு இடமுள்ள பகுதிகளிலோ 0.5 மி.கி. குளோரின், ஒரு மணி நேரம் தண்ணீரோடு கலந்திருக்க வேண்டும் என்று அந்த விதியே வற்புறுத்துகிறது. இதை அளக்க ஆய்வுக்கூடம் வேண்டாம், குரங்குச் செல் வேண்டாம். குளோரோஸ்கோப் என்ற சிறு பெட்டியில் தண்ணீரைப் பிடித்து, சில சொட்டு மருந்து விட்டு, வரும் நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டால் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். கிராமங்களில் ஜல் ஜீவன் திட்டத்தில் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்துக் குழாயடியிலேயே தண்ணீரைச் சோதிக்க வைத்திருக்கிறார்கள். நம் கடைத்தெருக்களில் அந்தப் பெட்டி ஒன்றுகூட இல்லை என்றால் அதற்கு யாரைக் குறை சொல்வது?

சாக்கடைதான் ஊரின் பேரேடு

தனித்தனிக் கடையில் வைரஸைத் தேடுவது வீண் என்றேன். ஆனால் வைரஸை அள்ள அள்ளக் கிடைக்கும் இடம் ஒன்று உண்டு. அது ஊர்ச் சாக்கடை. நோயாளி, நோய் வெளிப்படாதவர், குழந்தை, பெரியவர் என அத்தனை பேரின் வயிற்றுக் கணக்கும் அன்றாடம் அங்கே வந்து பதிவாகிறது. சில்லறை வியாபாரத்தில் ஒவ்வொரு பில்லையும் புரட்டிக்கொண்டிருக்காமல் பேரேட்டைப் பார்த்தால் மாத நிலவரம் தெரிந்துவிடும் அல்லவா, அதே மாதிரி.

போலியோவில் இதைச் செய்துகாட்டியிருக்கிறார்கள். போலியோ வைரஸ் புகுந்த சுமார் இருநூறு பேரில் ஒருவருக்குத்தான் வாதம் வரும். மற்றவர்கள் நன்றாக நடமாடிக்கொண்டே வைரஸைக் கழித்துக்கொண்டிருப்பார்கள். மருத்துவமனையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் நோய் ஊருக்குள் வந்து வெகுநாள் கழித்துத்தான் தெரியும். ஆகவே மும்பையில் 2001-ஆம் ஆண்டிலேயே சாக்கடை நீரைத் தொடர்ந்து சோதிக்கத் தொடங்கினார்கள். பிறகு டில்லி, கொல்கத்தா எனப் பல நகரங்களுக்கு அது விரிந்தது. காலை வேளையில் கழிவுநீர் ஏற்று நிலையத்தில் ஒரு லிட்டர் அளவுக்கு எடுத்து, ஐஸ் வைத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவார்கள். அங்கே இரண்டு வகைச் செல்லில் விட்டு வளர்ப்பார்கள். ஒன்று மனிதத் தசைக் கட்டியிலிருந்து எடுத்தது, பல குடல் வைரஸ்கள் அதில் வளரும். மற்றொன்று எலியின் செல், அதற்குள் போலியோ வைரஸ் நுழைவதற்கான மனித வாசலை மட்டும் பொருத்தியிருப்பார்கள். சாக்கடையில் கிடக்கும் நூறு வைரஸ்களுக்கு நடுவே போலியோவைத் தனியே பிரித்தெடுக்க அது ஒரு சல்லடை.

இந்தியாவில் இயற்கைப் போலியோ கண்ட கடைசிக் குழந்தை 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் ஹவுரா மாவட்டத்தில். 2014 மார்ச் 27 அன்று நம் நாடு உள்ளிட்ட தென்கிழக்கு ஆசியப் பகுதி போலியோ அற்றது என்று உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது. மருத்துவமனைகளில் நோயாளி இல்லை என்பதோடு, சாக்கடையிலும் வைரஸ் இல்லை என்பது அந்தச் சான்றுக்கு வலுச் சேர்த்தது.

2013-இல் இஸ்ரேல் நாட்டின் ரஹத் என்ற ஊர்ச் சாக்கடையில் போலியோ வைரஸ் அகப்பட்டது. ஒரு குழந்தைக்கும் வாதம் வந்திருக்கவில்லை. பத்து லட்சத்துக்கு நெருக்கமான குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து கொடுத்தார்கள், கடைசிவரை வாதம் வரவேயில்லை. 2016 ஜூன் மாதம் ஹைதராபாத் சாக்கடை மாதிரியில் தடுப்பு மருந்திலிருந்து திரிந்த இரண்டாம் வகைப் போலியோ வைரஸ் கிடைத்தது. செய்தியை மறைக்காமல் வெளியிட்டு, ஒரு வாரத்தில் சுமார் மூன்று லட்சம் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட்டார்கள். காலையில் கடைகள் திறந்தன, இரவில் மூடின. வியாபாரத்துக்கு ஒரு கெடுதலும் வந்ததாக யாரும் சொல்லவில்லை.

இதே பாட்டிலில் ஹெபடைடிஸ் ஏ-யும் ஈ-யும் இருக்கின்றனவா என்று பார்ப்பதற்குத் தடை என்ன? ஹெபடைடிஸ் ஏ குழந்தைகளில் பெரும்பாலும் அடையாளம் காட்டாமலே வந்து போகும். அப்போதும் மலத்தில் வைரஸ் வெளியேறும். மருத்துவமனையில் முதல் காமாலை நோயாளி வந்து சேர்வதற்கு முன்பே சாக்கடை நமக்குச் சொல்லிவிடக்கூடும். தமிழ்நாட்டில் இதற்கான அறிவுக்குப் பஞ்சமில்லை. சென்னை கிண்டியிலுள்ள கிங் நிலையத்தில் நீர்ப் பகுப்பாய்வும் நடக்கிறது, வைரஸ் ஆய்வும் நடக்கிறது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் குடல் வைரஸ்களைப் பற்றிப் பல்லாண்டாக ஆராய்ந்து வருகிறார்கள். கொரோனாவுக்குப் பிறகு கழிவுநீர்ச் சோதனை நாட்டில் ஆங்காங்கே நடந்தும் வருகிறது. ஆனால் முடிவு எந்த மேஜையில் போய்த் தங்குகிறது? எந்த வார்டில் என்ன கிடைத்தது என்று கடைத்தெருவில் இருக்கும் நமக்கு யாரும் சொல்வதில்லை.

செய்தி வெளியானால் வியாபாரம் கெடுமா?

இந்த இடத்தில் நம்மவர்கள் சிலர் முகம் சுளிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். சாக்கடையில் காமாலைக் கிருமி என்று பேப்பரில் வந்தால் ஜூஸ் கடைக்கு யார் வருவார்கள், நாமே நம் தலையில் மண்ணை வாரிப் போட்டுக்கொள்வதா என்று கேட்பார்கள். நியாயமான பயம்தான். ஆனால் செய்தி இல்லாத இடத்தில் வதந்தி வந்து உட்கார்ந்துகொள்ளும். வதந்தி வந்தால் ஒரு கடையோடு நிற்காது.

1988-இல் சீனாவின் ஷாங்காய் நகரில் சுமார் மூன்று லட்சம் பேருக்கு மஞ்சள் காமாலை வந்தது. கடற்கரையில் சாக்கடை கலந்த இடத்தில் விளைந்த சிப்பிகளை மக்கள் அரைவேக்காட்டில் தின்றதுதான் காரணம். சிப்பிகளை ஆய்வுக்கூடத்தில் சோதித்து ஹெபடைடிஸ் ஏ வைரஸைக் கண்டுபிடித்தார்கள். ஆனால் அது நோய் வந்த பிறகு. அந்தச் சிப்பி வியாபாரமே ஷாங்காயில் தடை செய்யப்பட்டது. சாக்கடையை விட்டவர் யாரோ, தொழிலை இழந்தவர் சிப்பி விற்றவர்.

பாதிச் சோதனையை வைத்துக்கொண்டு அவசரப்பட்டு அறிவித்தால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் உண்டு. அது வைரஸ் அல்ல, ஈ.கோலைதான் என்றாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2011 மே மாதம் ஜெர்மனியில் ஒரு கொடிய ஈ.கோலை நோய் பரவியபோது, ஸ்பெயின் வெள்ளரிக்காய்தான் காரணம் என்று ஹாம்பர்க் அதிகாரிகள் அறிவித்தார்கள். வெள்ளரியில் ஈ.கோலை இருந்தது உண்மை, ஆனால் நோய் தந்த வகை அது அல்ல. உண்மைக் காரணம் முளைகட்டிய வெந்தயம் என்று பின்னால் தெரிந்தது. அதற்குள் வாரத்துக்கு 20 கோடி யூரோ நஷ்டம் என்று ஸ்பெயின் ஏற்றுமதியாளர்கள் கதறிவிட்டார்கள். அதே ஜெர்மனியில் மறு ஆண்டு சுமார் 11,000 பேருக்கு, பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகளுக்கு, வாந்திபேதி வந்தது. அப்போது ஆய்வுக்கூடம் சீனாவிலிருந்து வந்த உறைந்த ஸ்ட்ராபெரி ஒரே லாட்டில் நோரோ வைரஸைக் கண்டு சொன்னது. அந்த லாட்டில் மீதமிருந்த சரக்கை மட்டும் நிறுத்தினார்கள். பழம் விற்ற மற்றவர்கள் பிழைத்தார்கள். சரியான சோதனை எந்தக் கடைக்காரனுக்கும் எதிரி இல்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

நம் பக்கத்துக் குறையையும் பேசாமல் விட்டால் நியாயமாகாது. நகராட்சிக் குழாயில் நேரடியாக மோட்டாரைப் பூட்டி உறிஞ்சும் பழக்கம் கடைத்தெருக்களில் இருக்கிறது. தண்ணீர் விடாத நேரத்தில் குழாய் காலியாக இருக்கும். அப்போது மோட்டார் போட்டால் குழாயில் எங்கே ஓட்டை இருக்கிறதோ அங்கே பக்கத்துச் சாக்கடை உள்ளே இழுக்கப்படும். நமக்கு மட்டுமல்ல, அந்தத் தெரு முழுவதற்கும் அது போய்ச் சேரும். பில்லும் முத்திரையும் இல்லாத கேனை ஐந்து ரூபாய் குறைவு என்று வாங்கி வைப்பதும், மாடித் தொட்டியை வருடத்துக்கு ஒரு முறைகூடக் கழுவாமல் விடுவதும் உண்டு. பிளீச்சிங் பவுடரை மூட்டை பிரித்துத் திறந்தே வைத்து விற்கிறோம். அதில் காற்றுப் பட்டுக் குளோரின் போய்விட்டால் மிஞ்சுவது சுண்ணாம்புதான் என்று விற்கிற நமக்கே தெரியும். அந்தத் தூளைத் தொட்டியில் போட்டுவிட்டுப் பாதுகாப்பு என்று நம்புகிறவர் நம் வாடிக்கையாளர்.

சங்கம் செய்யக்கூடியதை இனிச் சொல்கிறேன். ஒவ்வொரு கிளைச் சங்கமும் குளோரோஸ்கோப் பெட்டி ஒன்று வாங்கி, கடைத்தெருவின் கடைசிக் குழாயில் தண்ணீர் விடும் நாளெல்லாம் அளந்து, ஒரு நோட்டில் தேதி, நேரம், அளவு எழுதி வைக்க வேண்டும். முதல் குழாயில் அளந்து பயனில்லை. குளோரின் குறைவது கடைசி வீட்டில்தான். சோதித்த நீரைக் குடிக்காமல் கொட்டிவிட வேண்டும். 0.5-க்குக் குறைந்தால் அன்றே நகராட்சிக்கு எழுத்து மூலம் தெரிவித்து, ஒப்புகை வாங்கிக் கோப்பில் போட வேண்டும். நாளைக்கு ஒரு கடைக்கு நோட்டீஸ் வந்தால், சென்ற இரண்டு மாதத் தண்ணீரின் கணக்கு நம் கையில் இருக்கும்.

அரசிடம் கேட்க வேண்டியது, மாவட்டத் தலைநகர்களின் கழிவுநீர் ஏற்று நிலையங்களில் மாதம் இருமுறையாவது மாதிரி எடுத்து ஹெபடைடிஸ் ஏ, ஈ, நோரோ வைரஸ்களுக்குச் சோதித்து, முடிவைப் பகுதி வாரியாக வெளியிட வேண்டும் என்பது. அந்தப் பகுதியில் வைரஸ் கூடுகிறது என்று தெரிந்த உடனே குழாய்த் தண்ணீரில் குளோரினைக் கூட்டுவதும், சாக்கடையும் குடிநீர்க் குழாயும் உரசும் இடங்களைத் தோண்டிப் பார்ப்பதும் நடந்த பிறகே, கடைகளில் மாதிரி எடுக்க வர வேண்டும். இந்த வரிசையை மாற்றக் கூடாது என்பதை எழுத்தில் வாங்க வேண்டும்.

மே 5 வணிகர் தின மாநாட்டுத் தீர்மானங்களில் ஜி.எஸ்.டி., ஆன்லைன் வணிகம், கடை வாடகை வரிசையில் இதையும் ஒரு தீர்மானமாகச் சேர்க்கக் கிளைச் சங்கங்கள் இப்போதே எழுதி அனுப்பலாம். மனு எழுதத் தாமதமானாலும் குளோரோஸ்கோப் வாங்கத் தாமதம் வேண்டாம். வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன் நோட்டில் முதல் பக்கம் நிரம்பியிருக்க வேண்டும்.